எந்தத் தோட்டா என்று கேட்போம்

ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் நாம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். உத்தரவிட்டது யார், செத்தவர்கள் எத்தனை பேர், நிவாரணம் எவ்வளவு. மூன்றும் தேவையான கேள்விகள்தான். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை நாம் கேட்பதே இல்லை: எந்தத் தோட்டாவால் சுட்டார்கள்?

திருநெல்வேலிக்காரர்களுக்குத் துப்பாக்கிச் சூடு புதிதல்ல. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதற்கு மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, இந்த ஊர் கொதித்து எழுந்தபோது போலீஸ் சுட்டு நான்கு பேர் செத்தார்கள். அதற்கு 110 ஆண்டுகள் கழித்து, இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் தூத்துக்குடியில் 13 பேர். இரண்டையும் நாம் எண்ணிக்கையாக நினைவில் வைத்திருக்கிறோம். துப்பாக்கிக்குள் என்ன போட்டிருந்தார்கள் என்பது நம் நினைவில் இல்லை. அதற்கு மொழியும் ஒரு காரணம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் எல்லாமே 'குண்டு'. நாட்டு வெடிகுண்டும் குண்டு, வேட்டைத் துப்பாக்கியின் பால்ரஸும் குண்டு, ராணுவ ரைபிளிலிருந்து வருவதும் குண்டு, ரப்பர் உருண்டையும் குண்டு. ஈழத் தமிழர் ரவை, சன்னம், ரவைக்கூடு என்று பிரித்துப் பேசுகிறார்கள். போர் கற்றுக்கொடுத்த சொற்கள் அவை. நமக்கு அந்தக் கல்வி தேவைப்படவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தூத்துக்குடிக்குப் பிறகும் அப்படிச் சொல்ல முடியுமா?

துப்பாக்கிகளை ரசிப்பதற்கு யூடியூபில் ஆயிரம் சேனல்கள் இருக்கின்றன. கதாநாயகன் கையில் பெரிய துப்பாக்கி இல்லாமல் இப்போது படமும் ஓடுவதில்லை. இந்தக் கட்டுரை அதற்கல்ல. பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் விசாரணை ஆணைய அறிக்கையையும் நாமே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

முதலில் அடிப்படை. தோட்டா என்றால் பறந்துபோய்த் தைக்கும் ஈயத் துண்டு மட்டுமல்ல. நான்கு பொருள்கள் சேர்ந்தது ஒரு தோட்டா. பித்தளைக் கூடு, அதன் அடியில் பதித்த பிரைமர் என்கிற சின்னக் கிண்ணம், கூட்டுக்குள் வெடிமருந்து, கூட்டின் வாயில் செருகியிருக்கும் புல்லட். தீபாவளிக்குப் பொட்டு வெடி வெடித்த யாருக்கும் பிரைமர் என்ன செய்கிறது என்று தெரியும். தட்டினால் தீப்பொறி. அந்தப் பொறி மருந்தைப் பற்றவைக்கிறது, மருந்து நொடிக்குள் வாயுவாக மாறுகிறது, வாயு புல்லட்டைக் குழாய் வழியே தள்ளுகிறது. கூடு துப்பாக்கிக்காரன் பக்கத்திலேயே விழுந்துவிடும். அதன் அடிப்பாகத்தில் தயாரித்த ஆலையின் குறியும் பெரும்பாலும் ஆண்டும் பொறித்திருக்கும். இந்தியத் தோட்டா என்றால் புனே அருகே உள்ள கிர்க்கி ஆலையின் 'கே.எஃப்.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் அதில் அடிக்கடி தென்படும். சூடு நடந்த தெருவில் கிடக்கும் வெற்றுக் கூடு ஒரு கையெழுத்து மாதிரி.

மருந்து எவ்வளவு, புல்லட் என்ன வடிவம் என்பதில்தான் தோட்டாக்கள் வேறுபடுகின்றன. பிஸ்டல் தோட்டா குட்டையானது, மருந்து குறைவு. நமக்குத் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்வோம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், ரயில் பெட்டிக்குள் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கே போக வேண்டியிருந்தது. கையில் இருந்தது பிரவுனிங் பிஸ்டல். சனாதனத்தைக் காக்கச் சுட்டதாகக் கடிதம் எழுதிவைத்த அவரைப் பற்றி நமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அது வேறு கட்டுரை. இங்கே பார்க்க வேண்டியது தூரம். பிஸ்டல் என்பது முகத்துக்கு முகம் நின்று சுடும் கருவி.

ரைபிள் அப்படி அல்ல. 9 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டாவின் வேகம் நொடிக்கு 400 மீட்டரைச் சுற்றி இருக்கும். எஸ்.எல்.ஆர். என்கிற ரைபிளில் போடும் 7.62 மில்லிமீட்டர் தோட்டா நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாய்கிறது. புல்லட்டின் எடை ஒன்பது கிராமுக்குச் சற்று அதிகம். உடலுக்குள் அது இறக்கிவைக்கக்கூடிய ஆற்றல் பிஸ்டலைப்போல ஐந்து மடங்குக்கு மேல். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வருவதால், அது தைத்த பிறகுதான் சத்தம் வந்து சேரும். சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும் எதிரிப் படையாளுக்காகச் செய்தது இது. உலோக உறை போட்ட புல்லட் ஒருவரைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பவரையும் துளைக்கும். நெரிசலான தெருவில் இதைப் பயன்படுத்திவிட்டு 'குறிப்பிட்ட நபரை நோக்கித்தான் சுட்டோம்' என்று சொல்வதில் பொருளே இல்லை. 'வானத்தை நோக்கிச் சுட்டோம்' என்பதும் அப்படித்தான். மேலே போனது எங்கேயாவது, யார் மீதாவது இறங்கத்தான் செய்யும்.

மூன்றாவது வகை வேட்டைத் துப்பாக்கித் தோட்டா. ஒரு கூட்டுக்குள் பல ஈயச் சிதறுகள். 12 போர் என்கிறார்களே, அந்தக் கணக்கு விசித்திரமானது: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ, அதுதான் குழாயின் விட்டம். பறவைக்கு என்றால் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பொடிச் சிதறுகள், பன்றிக்கும் மானுக்கும் என்றால் எண்ணி எடுக்கும்படி பெரிய உருண்டைகள். தூரம் கூடக்கூடச் சிதறல் விரியும். ஆகவே உடலில் அவை எவ்வளவு அகலத்துக்குப் பாய்ந்திருக்கின்றன என்பதை வைத்து எவ்வளவு பக்கத்திலிருந்து சுட்டார்கள் என்று மருத்துவர் சொல்ல முடியும்.

எந்த உடலுக்கு எந்தத் தோட்டா என்பதை ஒருவர் மேசையில் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்கிறார். இந்த முடிவுகளின் வரலாற்றைத் தேடிப்போனால் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் போய் நிற்போம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

முதல் தடவை 1857 ஜனவரி. என்ஃபீல்டு ரைபிளுக்கான காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழாயில் கொட்ட வேண்டும். டம்டம் ஆயுதச் சாலையில் வேலை பார்த்த, தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தொழிலாளி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய சொம்பில் தண்ணீர் கேட்டார். சாதி கெட்டுவிடும் என்று அவர் மறுத்தார். கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகிற உங்களுக்கு இன்னும் எத்தனை நாளைக்குச் சாதி இருக்கும் என்று தொழிலாளி திருப்பிக் கேட்டதாகப் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர்களே பதிவு செய்திருக்கிறார்கள். பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு விவகாரம் அங்கிருந்துதான் பரவுகிறது. வட இந்திய தலித் எழுத்துகள் அந்தத் தொழிலாளிக்கு மாதாதீன் என்று பெயர் வைத்துக் கொண்டாடுகின்றன. பாடப்புத்தகத்தில் மங்கள் பாண்டே இருக்கிறார், தண்ணீர் கேட்டவர் இல்லை. அந்தத் தோட்டாவை மற்றவர்கள் மீது சுடுவதில் சிப்பாய்க்குத் தயக்கம் இருந்ததில்லை. வாயில் படுவதில்தான் இருந்தது.

இரண்டாவது தடவை 1890களின் நடுவில். அப்போது பிரிட்டிஷ் படை 303 ரைபிளுக்கு மாறியிருந்தது. உலோக உறை போட்ட அந்தப் புல்லட் வடமேற்கு எல்லைப் பழங்குடிகளைத் துளைத்துக்கொண்டு போகிறதே தவிர அவர்களை நிறுத்தவில்லை என்று அதிகாரிகள் புகார் சொன்னார்கள். டம்டம் ஆயுதச் சாலையின் பெர்ட்டி-கிளே என்ற கேப்டன், புல்லட்டின் நுனியில் மட்டும் உறையை எடுத்துவிட்டு ஈயம் தெரியும்படி செய்தார். சதைக்குள் போனதும் நுனி காளான் மாதிரி விரியும், உள்ளே இருப்பதைக் கிழிக்கும். 'டம்டம் புல்லட்' என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது இதுதான்.

1899இல் ஹேக் நகரில் நடந்த சமாதான மாநாட்டில் விரியும் தோட்டாக்களைத் தடை செய்யும் பேச்சு வந்தது. பிரிட்டன் எதிர்த்தது. அதன் பிரதிநிதி ஜான் ஆர்டா சொன்ன வாதத்தின் சாரம் இது: நாகரிக நாட்டுச் சிப்பாய் தோட்டா பட்டதும் காயம்பட்டதாக உணர்ந்து படுத்துவிடுவான், காட்டுமிராண்டி இரண்டு மூன்று தோட்டா வாங்கிய பிறகும் ஓடி வருவான், ஆகவே அவனுக்கு வேறு தோட்டா வேண்டும். ஒரே மனித உடலுக்கு இரண்டு விதியைக் கேட்கும் இந்த வாதம் நமக்குப் பழக்கமானதுதான். மனு எழுதிய தண்டனைப் பட்டியலில் ஒரே குற்றத்துக்கு உடலுக்கு உடல் வேறு தண்டனை என்று படித்தவர்கள் நாம். மாநாடு பிரிட்டனின் பேச்சை ஏற்கவில்லை, தடை நிறைவேறியது. பிரிட்டன் 1907இல்தான் அதற்குள் வந்தது. அந்தத் தடையும் நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டுமே. சொந்த மக்கள் மீது போலீஸ் எதைச் சுடலாம் என்பதைப் பற்றி அது பேசவில்லை.

ஆர்டாவின் வாதத்துக்குப் போலீஸ் பதிப்பு ஒன்றும் உண்டு. 410 மஸ்கட். 303 ரைபிளை எடுத்து, முறுக்குக் கோடுகள் இல்லாத வழுவழுப்பான 0.410 அங்குலக் குழாயைப் போட்டு, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும்படி ரவைக்கூட்டின் இடத்தை அடைத்து இந்தியப் போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுத்தார்கள். ராணுவத் தோட்டா அதில் பயன்படாது. அதற்கென்றே தனித் தோட்டா செய்தார்கள். நாளைக்கே இந்தியப் போலீஸ்காரர் துப்பாக்கியைத் திருப்பினால் என்ன செய்வது என்ற பயம். 1857இன் நினைவு. ஆக ஆண்டவர்களிடம் மூன்று அடுக்கு இருந்தது: வெள்ளைச் சிப்பாய்க்கு எதிராகச் சுட ஒரு தோட்டா, எல்லைப் பழங்குடி மீது சுட ஒன்று, நம்பகமில்லாத இந்தியக் கான்ஸ்டபிள் கையில் கொடுக்க இன்னொன்று. சாதியைப் பற்றி அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வைப் பித்தளையிலும் ஈயத்திலும் வார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் கேட்ட கேள்வி ஒன்று இங்கே பொருந்துகிறது. பிற நாடுகளில் சமூகப் புரட்சிகள் நடந்தன, இந்தியாவில் ஏன் நடக்கவில்லை? கீழே வைக்கப்பட்டவர்களுக்கு ஆயுதம் தாங்கும் உரிமையைச் சதுர்வர்ணம் மறுத்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. உரிமம் யாருக்குக் கிடைத்தது? நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்குள் வந்த நிலவுடைமைக் கும்பல் துப்பாக்கிகளோடு வந்தது. அந்தச் சூட்டுக்குப் பயந்துதான் மக்கள் குடிசைக்குள் ஒதுங்கினார்கள், 44 பேர் அங்கேயே எரிந்து போனார்கள். இன்னொரு பக்கம் பால்ரஸ் போட்டுப் பறவை அடித்துப் பிழைத்த நரிக்குறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நாட்டுத் துப்பாக்கி, 1972இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பிழைப்பிலிருந்து குற்றமாக மாறியது.

பலர் கவனிக்காத ஒரு விதி சட்டத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவது விதி. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ளதாக அடையாளம் காணப்பட்ட பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும், சட்டவிரோத ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும், தேவை என்று கருதினால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அது. தலித்துக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடு என்று கேட்பதல்ல என் நோக்கம். ரத்து என்ற முதல் பாதியையாவது எத்தனை ஆட்சியர்கள் செயல்படுத்தினார்கள் என்ற கணக்கை மாவட்டவாரியாகக் கேட்டு வாங்கலாம். திருநெல்வேலியிலிருந்தே தொடங்கலாம்.

இதைப் படிக்கும் உள்ளூர்த் தோழர்கள் குறுக்கிடுவார்கள்: இங்கே சாதிக்குத் துப்பாக்கி எதற்கு, அரிவாள் போதுமே! உண்மைதான். 2025 ஜூலையில் கே.டி.சி. நகரில் பட்டியல் சாதியைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளரைப் பட்டப்பகலில் கொன்றது அரிவாள்தான். அரசுக்கேகூடச் சில நேரம் தோட்டா தேவைப்படுவதில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனவர்களை லத்தியால் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டினார்கள். ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். சட்டப்படி ஆறு குற்றவாளி ஆகாது.

ஆனால் தோட்டா வந்தபோது எது வந்தது என்று பாருங்கள். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். மஞ்சள் பனியன் போட்ட ஒருவர் வேன் மேல் ஏறிக் குறிபார்க்கும் படத்தை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். அவர் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். இந்திய ராணுவம் 1962 போருக்குப் பின் 303க்குப் பதிலாகக் கைக்கொண்ட ரைபிள். ராணுவம் அதையும் கழித்துவிட்டு வேறு ரைபிளுக்குப் போனது, கழித்தது போலீசுக்கு வந்தது. சீன எல்லைக்காக வாங்கிய தோட்டா மீனவர்களும் உப்பளத் தொழிலாளிகளும் வாழும் ஊருக்கு வந்து சேர்ந்த வழி இதுதான். ராய்ட்டர்ஸ் நிறுவனம் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்துவிட்டு எழுதியது: 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ தோட்டா, அவர்களில் பாதிப் பேருக்குப் பின்புறமிருந்து. பன்னிரண்டாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்த பெண்ணும் அவர்களில் ஒருவர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது மறைவிடங்களிலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்றும், ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார் என்றும் அது பதிவு செய்தது.

பதினேழு ரவுண்டு என்ற அந்த எண் எப்படிக் கிடைத்தது? ஆயுதக் கிடங்கிலிருந்து போகும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதிவேட்டில் கணக்கு உண்டு. போனது இத்தனை, திரும்பியது இத்தனை, வெற்றுக் கூடு இத்தனை. ஜாலியன்வாலா பாகில் 1650 ரவுண்டு சுடப்பட்டது என்று இன்றும் நாம் சொல்வது டயர் தரப்பே கொடுத்த கணக்கை வைத்துத்தான். கொலைகாரர்களிடமும் ஸ்டாக் ரிஜிஸ்டர் ஒழுங்காக இருக்கும். அந்தப் பதிவேட்டிலேயே இன்னொன்றும் இருக்கும்: பேரணி தொடங்குவதற்கு முன்பே, காலையில் என்ன வகைத் தோட்டாவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்கள் என்பது. 'திடீரென்று கலவரம் வெடித்தது, வேறு வழியில்லை' என்ற வாக்குமூலத்தை அந்தக் காலை நேரக் கையெழுத்தோடு வைத்துப் படித்துப் பாருங்கள்.

அப்படியானால் ரப்பர் தோட்டாவால் சுடட்டுமே என்ற வாதம் வரும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வட அயர்லாந்தில் 1970இல் ரப்பர் தோட்டாவும் பின்னர் பிளாஸ்டிக் தோட்டாவும் வந்தன. இரண்டும் சேர்ந்து 17 பேரைக் கொன்றன, அவர்களில் குழந்தைகளும் உண்டு. பாலஸ்தீனத்தில் இஸ்ரேல் சுடும் 'ரப்பர்' தோட்டாவின் உள்ளே இருப்பது எஃகு. காஷ்மீரில் 2016இல் பெல்லட் என்று சொல்லிச் சுட்டது பறவை வேட்டைக்கான சிதறு. ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும் அவை கண்களுக்குள் போயின. பெயர் மென்மையாக ஆக ஆகச் சுடும் கை கூசுவதில்லை.

சட்டமோ இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தைத் தந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆவது பிரிவும் சரி, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆவது பிரிவும் சரி, என்ன தோட்டா என்பதைக் கேட்பதில்லை. சுட்டவர்மேல் வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்பதை மட்டும் பழைய சட்டமும் புதிய சட்டமும் மறக்காமல் எழுதி வைத்திருக்கின்றன. என்கவுன்டர் சாவுகளுக்காவது உச்ச நீதிமன்றம் 2014இல் பி.யு.சி.எல். வழக்கில் வழிகாட்டுதல் கொடுத்தது. சுட்ட போலீஸ்காரர் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், தடயவியல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். போராட்டத்தில் சுட்டாலும் இதே நடைமுறை கட்டாயம் என்று கேட்க எந்தத் தடையும் இல்லை. பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 அன்று நடந்த சூட்டை நீதிபதி சம்பத் ஆணையம் நியாயப்படுத்தியது. தூத்துக்குடியில் அருணா ஜெகதீசன் ஆணையம் கண்டித்தது. ஒன்று இப்படி, இன்னொன்று அப்படி. கூட்டத்துக்கு முன்னால் எந்த ஆயுதத்தை எடுத்துவரவே கூடாது என்ற பட்டியல் இரண்டுக்குப் பிறகும் வரவில்லை. முதல் கோரிக்கை அந்தப் பட்டியலாக இருக்க வேண்டும்: ராணுவத்துக்கென்று செய்த ரைபிள் தோட்டா எந்தப் பேரணிக்கும் வரக் கூடாது.

உண்மை அறியும் குழுக்களில் போகும் இளம் தோழர்களுக்கு நடைமுறையில் சில. தெருவில் கிடக்கும் வெற்றுக் கூட்டைக் கையில் எடுக்காதீர்கள். கிடக்கும் இடத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள், பிறகு அடிப்பாக எழுத்து தெரியும்படி இன்னொரு படம், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உள்நுழைந்த காயமும் வெளியேறிய காயமும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பொதுவாக நுழைந்தது சிறியது, வெளியேறியது பெரியது, முதுகில் சிறியது இருந்தால் அவர் ஓடிக்கொண்டிருந்தார் அல்லது திரும்பி நின்றார். உடலுக்குள் எடுத்த துண்டு தடயவியல் ஆய்வகத்துக்குப் போனதா, எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள். ஆயுதப்படைப் பதிவேட்டில் அன்றைக்குக் காலை எழுதிய பக்கத்தை ஆணையத்தின் முன் வைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். மனுவை நிராகரித்தால் நிராகரித்ததற்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.